வானொலி மட்டும் சொன்ன பெயர்

என் கணவரின் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்த வீட்டில் எந்தப் பெண்ணும் தன் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. கூப்பிட வேண்டுமென்றால் "இஞ்சருங்கோ" என்போம். மற்றவர்களிடம் பேசும்போது "இவர்" என்போம். அதிலேயே எல்லோருக்கும் விளங்கிவிடும். இப்போதும் இங்கே சிட்னியில், மேய்ஸ் ஹில் கோவிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் துண்டில் எழுதித்தான் நீட்டுகிறேன். இங்கே பிறந்த பெண்பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் தங்கள் புருஷன்மாரை நாய்க்குட்டியைக் கூப்பிடுவது போலக் கூப்பிடுவதைக் கேட்டு நானும் சிரிக்கிறேன்தான். இந்தக் கட்டுரையிலும் அந்தப் பெயர் வராது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சொன்னேன். ஏன் சொன்னேன், சொல்லி என்ன கண்டேன் என்பதைத்தான் எழுத வந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் சிட்னிக்கு வந்தோம். பிளாக்டவுனில் ஒரு சின்ன ஃபிளாட். இவர் கொழும்பில் அரசாங்கப் பொறியியலாளராக இருந்தவர். இங்கே தண்ணீர்ப் பம்பி செய்கிற ஒரு கம்பனியில், மற்றவர்கள் சொல்கிற அளவுக்குக் கோடு இழுக்கிற வரைபட வேலைதான் கிடைத்தது. அதை அவர் பெரிதுபடுத்தவில்லை. எங்கே இழுத்தாலும் கோடு கோடுதானே என்றார். அவரை உறுத்தியது வேறு. எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னால், பிள்ளையின் பெயர் பின்னால். இவருக்கு இரண்டுமே நீளம். சொல்லி முடிக்க ஒரு முழு மூச்சு வேண்டும். வேலை செய்த கந்தோரில் முன்னால் இருப்பதுதான் இவருடைய பெயர் என்று நினைத்தார்கள். நினைத்ததோடு விடாமல் அதன் தலையை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஆக, செத்துப்போன என் மாமனாரின் பெயரில் ஒரு துண்டைச் சொல்லிக் கூப்பிட்டால் என் கணவர் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

"அப்பாவைக் கூப்பிடுறாங்களோ என்னைக் கூப்பிடுறாங்களோ எண்டு தெரியேல்லை," என்றார் ஒரு நாள், வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே.

"நீங்கள் சொல்லிக் குடுக்கேல்லையோ?"

"சொன்னனான். ரெண்டாந்தரமும் சொன்னனான். 'டூ மச், மேட்' எண்டு முதுகிலை தட்டிப்போட்டுப் போட்டான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்குச் சாப்பிடாமல் சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். யோசித்துப் பார்த்தால், அவருடைய பெயரைச் சொல்ல இந்த நாட்டில் ஆளே இல்லை. என் மாமியார் கடல் தாண்டி இருந்தார். கூட்டாளிகள் இலண்டனிலும் கொழும்பிலுமாகச் சிதறிக் கிடந்தார்கள். கோவில் இருந்திருந்தால் ஐயராவது அர்ச்சனையில் சொல்லியிருப்பார். சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க்கில் இப்போது கோவில் கோபுரம் நிற்கிற இடத்தில் அப்போது வெறும் புதர்தான். வீட்டில் இருந்தது நான். நானோ சொல்ல மாட்டேன்.

அந்த நாட்களில்தான் ஒரு பழைய வானொலிப் பெட்டி வீட்டுக்கு வந்தது. பக்கத்துத் தேவாலயத்தில் பழைய சாமான் விற்கிற மேசையில் இவர் கண்டெடுத்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் அதன் குமிழைத் திருகிக்கொண்டிருப்பதே அவருக்கு வேலை. கொழும்பு எட்டாது என்று தெரிந்தும் திருகுவார். அப்படித் திருகும்போது அகப்பட்டதுதான் அந்தச் சின்ன நிலையம். ஏதோ ஒரு கடைக்கு மேல்மாடியிலிருந்து ஒலிபரப்பினார்கள். அதில் சனிக்கிழமைகளில் உள்ளூர் பேஸ்போல் கழகம் ஒன்றின் ஆட்டத்தை மைதானத்திலிருந்து நேரடியாகச் சொல்வார்கள்.

அவுஸ்திரேலியாவில் பேஸ்போலா என்று கேட்பீர்கள். இந்த நாட்டுக்காரர்களே அப்படித்தான் கேட்டார்கள். கிரிக்கெட்டும் கால்பந்தும் தின்று முடித்த மிச்சத்தில் பிழைத்துக்கொண்டிருந்த விளையாட்டு அது. ஆனால் இவருக்கு உடனே பிடித்துப்போனது. பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடியவர். எல்லேயும் கம்பால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடுகிற விளையாட்டுத்தான்.

"இது எங்கடை எல்லேதான். இவங்கள் சப்பாத்துப் போட்டு விளையாடுறாங்கள், அவ்வளவுதான்," என்று எனக்கு விளக்கினார். அந்த விளையாட்டைப் பற்றி இன்றைக்கும் எனக்கு அதற்கு மேல் தெரியாது.

ஆட்டத்தைச் சொன்னவர் ஒரு கிழவர். தொண்டையில் எப்போதும் கொஞ்சம் சளி இருக்கும். மைதானத்தில் கூட்டம் குறைவு, வானொலியில் கேட்பவர்கள் அதைவிடக் குறைவு என்று அவரே சொல்வார். அணிகள் இடம் மாறுகிற நேரத்தில் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் மேகத்தைப் பற்றிச் சொல்வார், மைதானத்துக்குள் வந்துவிட்ட நாயைப் பற்றிச் சொல்வார். ஒரு நாள், "யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு கார்டு போடுங்கள், எனக்கும் ஆறுதலாக இருக்கும்" என்றார்.

இப்படி ஓர் அழைப்பை எங்கள் ஆட்களிடம் விடக்கூடாது. ஊரில் வானொலிக்குக் கார்டு போடுவது சும்மா காரியமில்லை. பாட்டுக் கேட்டுத்தான் எழுதுவோம், ஆனால் பாட்டு யாருக்கு வேண்டும்? அதற்கு முன்னால் வாசிக்கிற பெயர்கள்தான் முக்கியம். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, மச்சான், மச்சாள், பக்கத்து வீட்டார் என்று கார்டு கொள்ளுமட்டும் நெருக்கி எழுதி அனுப்ப வேண்டும். அறிவிப்பாளர் அவ்வளவையும் மூச்சுவிடாமல் வாசிப்பார். மறுநாள் சந்தையில் "உங்கடை பேர் வந்தது, கேட்டனாங்கள்" என்று யாராவது சொல்வார்கள். அன்றைக்கு முழுவதும் தலை நிமிர்ந்தே இருக்கும். இவரும் இளவயதில் அந்தப் பைத்தியம் பிடித்து அலைந்தவர்தான்.

ஆகவே உட்கார்ந்து ஒரு கார்டு எழுதினார். முதலில் தகப்பன் பெயரோடு தன் பெயர். பிறகு என் பெயர். பிறகு ஊரில் இருக்கிற தாய், இரண்டு அண்ணன்மார், அவர்களின் குடும்பம். கடைசியில், இத்தனை பேரும் சேர்ந்து விரும்பிக் கேட்பது, வருகிற சனிக்கிழமை உங்கள் அணி தயவுசெய்து ஒரு ஹோம் ரன் அடிக்க வேண்டும் என்று. ஹோம் ரன் என்றால் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்துவிட்டு நிதானமாகச் சுற்றி ஓடி வருவது. நான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

"ஹோம் ரன் என்ன பாட்டோ, கேட்டவுடனை எடுத்துப் போடுறதுக்கு?"

"கார்டு எண்டால் ஏதாவது கேக்கத்தானே வேணும். பேரை மட்டும் எழுதி அனுப்பினால் மரியாதை இல்லை," என்றார். பகிடியாகச் சொல்லவில்லை.

அந்த வாரமே ஒரு மத்தியானம் ரெலிபோன் அடித்தது. இவர் வேலைக்குப் போயிருந்தார். எடுத்தால், மறுமுனையில் அந்தச் சளித் தொண்டை. கார்டு கிடைத்ததாம், அதில் இருந்த நம்பருக்கு எடுக்கிறாராம். தனக்கு இதுவரை வந்த கார்டுகளில் மிக நீளமானது இதுதானாம். சனிக்கிழமை வாசிக்கப் போகிறாராம், பிழையாக வாசித்து அவமானப்படுத்தக்கூடாது, ஆகவே உங்கள் கணவரின் பெயரை ஒரு தடவை நிதானமாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

நான் ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவர் திரும்பவும் கேட்டார். "இவர் வேலையால் வந்தபிறகு கூப்பிடுங்கள்" என்றேன். பரவாயில்லை, நீங்களே சொல்லலாம் என்றார். "நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

"மன்னிக்க வேண்டும், உங்களுக்குக் கணவரின் பெயர் தெரியாதா?"

"தெரியும். சொல்வதில்லை. எங்கள் பக்கத்தில் சொல்வதில்லை."

சிரிப்பார் என்று நினைத்தேன். கிழவர் சிரிக்கவில்லை. தன் மனைவி தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது திட்டும்போது மட்டும்தான், உங்கள் வழக்கம் நல்ல வழக்கம் என்றார். பின்னேரம் திரும்பவும் கூப்பிட்டார். இவர் ரெலிபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தன் பெயரைத் துண்டு துண்டாகச் சொல்ல, அந்தப் பக்கத்தில் கிழவர் அதை ஒட்டி ஒட்டிச் சொல்லிப் பார்த்தார். பிள்ளைக்கு ஏடு தொடக்கி முதல் எழுத்துச் சொல்லிக் கொடுப்பது போல இருந்தது. நான் அடுப்பை விட்டு வந்து குசினிக் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வந்தது. ஆட்டத்தின் நடுவில் கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிளாக்டவுனில் இருந்து ஒரு கார்டு என்றார். முதல் பெயரில் தடுக்கினார். "இல்லை, இருங்கள், எனக்குத் தெரியும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பத் தொடங்கினார். தகப்பன் பெயர், பிறகு இவர் பெயர். முழுதாக, வெட்டாமல். எங்கள் ழகரம் மட்டும் அவருக்கு வரவில்லை. அது ஊரிலேயே பாதிப் பேருக்கு வராது.

இவர் கதிரையை விட்டு எழும்பி நின்றார். வானொலிப் பெட்டிக்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் இடாப்பில் பெயர் கூப்பிடும்போது நிற்பது போல. கல்யாணத்தன்று ஐயர் சொன்னதற்குப் பிறகு என் காது கேட்க அந்தப் பெயரை யாரும் அப்படி முழுதாகச் சொன்னதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்தது. அன்றைக்கு அந்த அணி ஒரு ஹோம் ரன்னும் அடிக்கவில்லை. கிழவர் அதற்கு எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டதைப் போட முடியவில்லை, அடுத்த வாரம் பார்ப்போம் என்றார்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. இவர் கிழமை தவறாமல் கார்டு போடுவார், கிழவர் சனி தவறாமல் வாசிப்பார். வாசிக்க வாசிக்க நாக்குப் படிந்துவிட்டது. ஒரு தடவை நாங்கள் மைதானத்துக்கே போனோம். வெறுங்கையோடு போக முடியாதென்று நான் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனேன். கிழவர் ஒலிவாங்கியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து, இவருடைய கையைப் பிடித்து, கடதாசி பார்க்காமல் முழுப் பெயரையும் சொன்னார். திரும்பி வரும் வழியில் ரயிலில் இவர் யன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். யன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். ஒரு மனிதனை அவ்வளவு சந்தோஷப்படுத்த இவ்வளவு போதுமா என்று எனக்கு இருந்தது.

போதும். ஆனால் அந்தப் போதுமானதையும் விட்டுவைக்க மாட்டார்கள்.

அந்தக் கழகம் வெல்லத் தொடங்கியது. வெல்லத் தொடங்கியதும் பியர்க் கம்பனி ஒன்று காசோடு வந்தது. காசு வந்ததும் நகரத்துப் பெரிய நிலையம் ஒன்று வந்தது. அடுத்த பருவத்திலிருந்து ஆட்டங்களை அங்கேதான் ஒலிபரப்புவார்கள் என்று கிழவரே கடைசிச் சனிக்கிழமை அறிவித்தார். தன்னை அவர்கள் கூப்பிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அங்கே இளம் ஆட்கள் இரண்டு பேர் இருக்கிறார்களாம், நன்றாகப் பகிடி விடுவார்களாம்.

அன்றைக்கு ஆட்டம் முடிந்தபிறகு இவருக்கு ரெலிபோன் எடுத்தார். "உங்களுடைய கார்டுகளை எல்லாம் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்றும் எழுதி, வாயாலும் சொல்லிக் காட்டினேன். அவர்கள் படித்துக்கொண்டார்கள், கவலைப்படாதீர்கள்" என்றார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். அவர்களுக்குத் தெரியாது என்று பிறகு யாரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

இவருக்குக் கிழவரை நினைத்துக் கவலைதான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு துள்ளல். சின்ன நிலையம் நாலு தெருவுக்குத்தான் கேட்கும். பெரிய நிலையம் சிட்னி முழுவதற்கும் கேட்கும்.

"இனி எல்லாரும் கேப்பினம்," என்றார். "கந்தோரிலையும் கேப்பினம். எப்பிடிச் சொல்லுறதெண்டு அவங்களும் பழகட்டும்."

புதிய பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு ஆட்களை வீட்டுக்குக் கூப்பிட்டார். அப்போது சிட்னியில் எங்கள் ஆட்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். கொழும்பிலிருந்து வந்த டொக்டர் ஒருவரும் மனைவியும் வளர்ந்த மகளும் வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து பல்கலைக்கழகத்தில் படிப்பித்த ஒருவரும் அவர் மனைவியும் வந்தார்கள். நான் காலையிலிருந்து குசினிக்குள் நின்று பற்றிஸும் ரோல்ஸும் வடையும் செய்தேன். இவர் இஸ்திரி போட்ட சேர்ட் போட்டு, வானொலிப் பெட்டியைத் துடைத்து, மேசையின் நடுவில் வைத்தார். சுற்றிவரக் கதிரைகளைப் போட்டார். எல்லோரும் கையில் தட்டோடு அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

இரண்டு குரல்கள். ஒன்று பேச மற்றது சிரித்தது. பியர் விளம்பரம், பாட்டு, திரும்பவும் பியர் விளம்பரம். ஆட்டத்தைக் காணோம். பிறகு தடதடவென்று மேளம் அடிக்கிற சத்தம் வந்தது. "இதோ, பிளாக்டவுனில் இருந்து எங்கள் நண்பர், மிஸ்டர் அல்ஃபபெட்!" என்றது ஒரு குரல். ஆங்கிலத்தில் இருக்கிற எழுத்தெல்லாம் ஒரே பெயரில் இருக்கிறதாம், அதனால் அந்தப் பட்டமாம்.

வாசிக்கத் தொடங்கினான். முதல் அசையைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினான். அடுத்ததைத் தொண்டைக்குள் தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பது போலச் சொன்னான். நடுவில் கோழி மாதிரிக் கொக்கரித்தான். மற்றவன், யாரோ தும்மிவிட்டார்கள் என்று, இந்த ஊர் வழக்கப்படி "பிளெஸ் யூ" என்று ஆசீர்வாதம் சொன்னான். பிறகு இவர் எழுதாத ஒரு கார்டை, இந்தியர் போலத் தலையை ஆட்டுகிற குரலில் வாசித்தான். என் யானைக்கும் ஒரு ஹோம் ரன் அனுப்பி வையுங்கள், ஐயா என்று. பின்னால் ஒரு கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. ஒலிநாடாவில் பிடித்து வைத்த சிரிப்பு.

எங்கள் அறையில் முதலில் சிரித்தது டொக்டரின் மகள். தன்னை மீறிச் சிரித்துவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் இல்லை. டொக்டர் தட்டைப் பார்த்துக்கொண்டு, "பகிடிதானே, விடும்," என்றார் இவரிடம். தமிழ்நாட்டுப் பெண்மணி மெதுவாக என் கையைத் தொட்டு, "இவங்க இப்படித்தாங்க. எங்க வீட்டுக்காரரையும் காலேஜ்ல ஏதோ பேர் வெச்சுத்தான் கூப்பிடுறாங்க. நான் கேட்டுக்கிறதே இல்ல," என்றார்.

இவர் எழும்பினார். பெட்டியை மூடப் போகிறார் என்று நினைத்தேன். மூடவில்லை. வடைத் தட்டை எடுத்து ஒவ்வொருவராக நீட்டிக்கொண்டு போனார். "எடுங்கோ, எடுங்கோ, ஆறப்போகுது," என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு. கல்யாண வீட்டில் பந்தி பார்க்கிற ஆளின் சிரிப்பு. அந்த இரண்டு தறுதலைகளையும் நான் மன்னித்தாலும் மன்னிப்பேன், அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவரை அப்படிச் சிரிக்க வைத்தார்களே என்று இப்போதும் வயிறு எரிகிறது.

விருந்தாளிகள் போனபிறகு, "எடுத்துப் பேசுங்கோ. கிழவர் சொல்லிக் குடுத்தவர்தானே, தெரிஞ்சுகொண்டே செய்யிறாங்கள் எண்டு கேளுங்கோ," என்றேன்.

"பேசி? அதையும் வாசிப்பாங்கள்," என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனதும் நானே அந்த நிலையத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். ஒரு பெண் எடுத்தாள். முறைப்பாடு ஒன்று இருக்கிறது என்றேன். சனிக்கிழமை பேஸ்போல் நிகழ்ச்சியில் என் கணவரை அவமானப்படுத்திவிட்டார்கள் என்றேன். மிகப் பணிவாகக் கேட்டுக்கொண்டாள். எழுதிக்கொள்கிறேன், உங்கள் கணவரின் பெயர் என்ன என்று கேட்டாள்.

எனக்கு வாய் வரவில்லை. சொல்லத்தான் நினைத்தேன். இத்தனை வருடம் சொல்லாத வாய், கோபம் வந்தவுடன் திறந்துவிடுமா? அவள் ஹலோ ஹலோ என்றாள். போனை வைத்துவிடுவாளோ என்ற பயத்தில், அவளுக்குத் தெரிந்த பெயரைச் சொல்லிவிட்டேன்.

"மிஸ்டர் அல்ஃபபெட்டின் மனைவி."

அவள் கீச்சிட்டாள். உண்மையிலேயே அப்படி ஒருவர் இருக்கிறாரா என்றாள். பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். எல்லோருக்கும் அவரை நல்ல விருப்பமாம், அடுத்த வாரம் நீங்களும் நிகழ்ச்சியில் பேசுவீர்களா, கண்ணே என்றாள். நான் போனை வைத்துவிட்டு, வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். அவமானப்பட்ட பெயரைத் தூக்கி நிறுத்தப் போனவள், அவமானத்தையே பெயராகச் சொல்லிவிட்டு வந்தேன்.

இவர் கார்டு போடுவதை நிறுத்திவிட்டார். அவர்கள் நிறுத்தவில்லை. கார்டுகளைத் தாங்களே எழுதி, தாங்களே வாசித்தார்கள். மிஸ்டர் அல்ஃபபெட் கறியில் விழுந்தார், மிஸ்டர் அல்ஃபபெட் மாட்டைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். இவர் சனிக்கிழமைகளில் வானொலி போடுவதில்லை. ஆனால் பக்கத்து ஃபிளாட்டில் போடுவார்கள். சுவர் மெல்லியது, சிரிப்புச் சத்தம் மட்டும் வரும். நான் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சட்டி பானை கழுவுவேன்.

கந்தோரில் எல்லோரும் கேட்டார்கள், இவர் ஆசைப்பட்டது போலவே. பிளாக்டவுன், நீளமான பெயர் என்றதும் யாரென்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. முதல் வாரம் "அல்ஃபபெட்" என்றார்கள். இந்த ஊரில் எதையும் முழுதாக விட மாட்டார்களே, அடுத்த வாரம் அது "அல்ஃப்" ஆகிவிட்டது. என் மாமனாரின் பெயர்த் துண்டை ஒரு வழியாகத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

இதில் மிகவும் கசப்பானது என்னவென்றால், அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு இவரைப் பிடித்துப்போனது. அதுவரை மத்தியானம் தனியாக இருந்து சான்ட்விச் சாப்பிட்ட மனிதரைத் தங்கள் மேசைக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் பியர் குடிக்கிற பப்புக்குக் கூட்டிப்போனார்கள். கோடு மட்டும் இழுத்தவருக்குப் பம்பிகளுக்குக் கணக்குப் பார்க்கிற பொறியியல் வேலையும் கொடுத்தார்கள். பிறந்தநாளுக்கு "அல்ஃப்" என்று எழுதின குவளை ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இதிலை எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தாரும்," என்றார்.

"உங்களுக்கு ரோசம் இல்லையோ?"

"ரோசம் இருந்தது. அதை வைச்சு என்ன செய்யிறது? இப்ப என்னோடை கதைக்கிறாங்கள்," என்றார்.

நான் தேநீரை வேறு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். அவர் எழுந்து போய்த் தானே அதைக் குவளைக்கு மாற்றிக் குடித்தார். அதன் பிறகு அந்தக் குவளையை நான் கழுவுவதில்லை. அவரே கழுவிக் கவிழ்த்து வைப்பார். இப்படியே மாதங்கள் போயின. அவருடைய சிரிப்பும் மாறியது. முன்பு யன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரிப்பாரே, அது போய், ஆட்களுக்கு முன்னால் சிரிக்கிற சத்தமான சிரிப்பு ஒன்று வந்தது. கையெழுத்தையும் சுருக்கிவிட்டார். ஊரில் இருந்து தாயின் கடிதம் வந்தால், உறையில் முழுதாக எழுதியிருக்கிற பெயரைப் பார்க்காதவர் போல உறையைக் கிழித்து எறிந்துவிட்டுக் கடிதத்தை மட்டும் வாசிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் குசினியில் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தேன். ரெலிபோன் அடித்தது. இவர் எடுத்தார்.

"அல்ஃப் ஸ்பீக்கிங்," என்றார்.

கந்தோரில் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்குள் அதை நான் கேட்டது அன்றைக்குத்தான். கிழவர் மூச்சு வாங்கிப் படித்த பெயரை இவர் இரண்டு கையாலும் ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தது இதே இடத்தில்தான். இப்போது ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூக்கால் இழுத்து, அவர்களைப் போலவே பேசினார். சத்தமாகச் சிரித்தார். போனை வைத்தார்.

வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது. இந்த மனிதருக்கு இனி அந்தப் பெயரைச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. ஈரக் கையோடு குசினிக் கதவடிக்கு வந்தேன். தகப்பன் பெயர் முன்னால், இவர் பெயர் பின்னால், வெட்டாமல், குறைக்காமல், ழகரத்தோடு, கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து சொல்லாத பெயரை முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டேன்.

இவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. வாசல் கதவைத்தான் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"ஆரைக் கூப்பிடுறீர்?"